எந்தப் பாட்டிலில் எதை வைப்பது?

பிள்ளைகளே, வீட்டில் காலிப் பெருங்காய டப்பா இருந்தால் எடுத்து மோந்து பாருங்கள். பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால், சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகும் வாசனை போயிருக்காது. அதில் கடலை மிட்டாயைப் போட்டு வைத்தால் மிட்டாயும் பெருங்காயம் மணக்கும். அதே பெருங்காயம் கண்ணாடி பாட்டிலில் இருந்திருந்தால் ஒரு தடவை நன்றாகக் கழுவினால் போதும், இருந்த சுவடே தெரியாது. மூடியில் மட்டும் லேசாக ஒட்டியிருக்கும். மூடி பிளாஸ்டிக் ஆயிற்றே!

ஏன் இப்படி? பிளாஸ்டிக் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கலாகக் கிடக்கும் பொருள். சங்கிலிகளுக்கு நடுவே இண்டு இடுக்கு உண்டு. பெருங்காயத்துக்கு அந்த நெடியைத் தருபவை கந்தகச் சேர்மங்கள். அவை பிளாஸ்டிக்கைப் போலவே எண்ணெயோடு சேரும் தன்மை உள்ளவை என்பதால் அந்த இடுக்குகளில் நுழைந்து தங்கிவிடுகின்றன. பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் கறை ஏறி நிற்பதும் இதனால்தான். கண்ணாடியிலோ சிலிக்கான் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் இறுக்கமாகக் கைகோத்திருக்கின்றன. வாசனை மூலக்கூறு உள்ளே போக வழியில்லை. மேலே உட்கார்ந்திருக்கும், நன்றாகக் கழுவினால் போய்விடும்.

ஹார்லிக்ஸ் பாட்டில், ஜாம் பாட்டில், காபித்தூள் பாட்டில், தேன் பாட்டில் என்று எத்தனையோ வீட்டில் சேர்கின்றன. தூக்கிப் போட மனம் வராமல் பரணில் ஏறிவிடுகின்றன. அவற்றை இறக்கிக் கழுவி, சமையலறை அலமாரியை அழகாக அடுக்கப் போகிறோம். அழகு உங்கள் கைவண்ணம். எதை எதில் வைப்பது, எங்கே வைப்பது என்பதை மட்டும் அறிவியலிடம் கேட்டுக்கொள்வோம். ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம். தோல், பீங்கான், உரம், ரசாயனம் என்று உங்கள் ஊர்த் தொழில்களிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

மணல் பாட்டில் ஆகும் கதை

கண்ணாடியின் முக்கால் பங்கு மணல்தான். மணலில் உள்ள சிலிக்காவை மட்டும் உருக்க வேண்டுமானால் சுமார் 1700 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அவ்வளவு சூட்டுக்கு எரிபொருள் கட்டுப்படியாகாது. அதனால் சோடியம் கார்பனேட் எனும் சோடாவைச் சேர்க்கிறார்கள். அது சேர்ந்தால் மணல் குறைந்த சூட்டிலேயே இளகும். ஆனால் மணலும் சோடாவும் மட்டும் கலந்து செய்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும்! அதைக் கரையாமல் பிடித்து நிறுத்துவது சுண்ணாம்புக்கல். மணல், சோடா, சுண்ணாம்புக்கல் மூன்றும் அளவோடு சேர்ந்ததுதான் நம் வீட்டு ஜாம் பாட்டில்.

பாலாற்றில் இருந்து ஒரு வாளி மணல் அள்ளி உருக்கினால் பாட்டில் வருமா? வரலாம், ஆனால் தெளிவாக வராது. ஆற்று மணலில் இரும்பும் வேறு கனிமங்களும் கலந்திருக்கும். இரும்பு கொஞ்சம் இருந்தாலே கண்ணாடிக்குப் பச்சை நிறம் ஏறும். நம்பிக்கை இல்லையா? ஜன்னல் கண்ணாடியை நேராகப் பாருங்கள், நிறமே இல்லாததுபோல் இருக்கும். அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள், பச்சை தெரியும். அந்தப் பச்சை, மணலோடு வந்த இரும்பின் வேலை.

உப்பு, சர்க்கரை போன்ற படிகங்களில் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். பள்ளியில் பிரேயருக்கு நிற்கிறீர்களே, அதுபோல. கண்ணாடியில் அந்த வரிசை கிடையாது. இன்டர்வெல் மணி அடித்து எல்லாரும் கலைந்து ஓடும்போது யாரோ ‘ஸ்டாச்சூ’ என்று கத்தினால் அவரவர் நின்ற இடத்திலேயே உறைந்து நிற்பீர்கள் அல்லவா? உருகிய மணல் சட்டென்று குளிரும்போது அதன் அணுக்களும் அப்படியே நின்றுவிடுகின்றன.

நம் பக்கத்து மக்களுக்குக் கண்ணாடி புதிதல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்தார்கள். இன்று நீங்கள் ராணிப்பேட்டையில் இருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போனால் வழியில் ஸ்ரீபெரும்புதூர் வரும். அங்கே செயின்ட் கோபைன் ஆலையில் 2000ஆம் ஆண்டு முதல் தட்டைக் கண்ணாடி தயாராகிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, மேடுபள்ளம் இல்லாத பலகையாக எடுக்கிறார்கள்.

தோலின் நீலம், பாட்டிலின் பச்சை

உங்கள் அப்பாவோ மாமாவோ டேனரியில் வேலை செய்தால் ‘வெட் புளூ’ என்ற பேச்சு வீட்டில் அடிபடும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பக்கம் முழுக்கப் புழங்கும் சொல் அது. முன்பெல்லாம் ஆவாரம் பட்டை போன்றவற்றை ஊறவைத்த சாற்றில்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். தோல் பழுப்பாக வரும். வாரக்கணக்கில் ஆகும். பிறகு குரோமியம் உப்பு வந்தது. பெரிய டிரம்மில் தோலையும் குரோமியம் கரைசலையும் போட்டுச் சுழற்றினால், தோலில் உள்ள கொலாஜன் இழைகளைக் குரோமியம் பிணைத்துவிடும். தோல் அழுகாது. டிரம்மில் இருந்து ஈரமாக, வெளிர் நீலமாக வெளியே வரும். அதுதான் வெட் புளூ.

அதே குரோமியத்தைக் கண்ணாடி உலையில் சிறிதளவு போட்டால் பாட்டில் பளிச்சென்ற பச்சையாகிவிடும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே போதும். தோலில் நீலம், கண்ணாடியில் பச்சை! ஒரே தனிமம் இரண்டு நிறம் காட்டுவது எப்படி? குரோமியம் அணுவைச் சுற்றி எந்த அணுக்கள் எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்து அது விழுங்கும் ஒளி மாறும். விழுங்கியது போக மிச்சம் இருக்கும் ஒளிதான் நம் கண்ணுக்கு வரும் நிறம்.

பழுப்புப் பாட்டில் தெரியுமா? இருமல் மருந்து வருமே, அது. இரும்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன. கோபால்ட் சேர்த்தால் ஊதா கலந்த ஆழ்ந்த நீலம்.

குரோமியம் பற்றிப் பேசும்போது உங்கள் ஊரில் இன்னொன்றையும் மறக்க முடியாது. சிப்காட் பகுதியில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவு மலைபோல் குவிந்து கிடந்தது. அந்தக் கழிவில் இருந்தது வேறு வடிவக் குரோமியம். மஞ்சள் நிறமானது, நஞ்சு மிகுந்தது, தண்ணீரில் கரைவது. மழை பெய்தால் கரைந்து நிலத்தடி நீருக்குப் போய்விடும். பச்சைப் பாட்டிலில் உள்ள குரோமியமோ கண்ணாடி வலைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. எத்தனை மழை பெய்தாலும் அசையாது. ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்பு, அது எந்த வடிவில் இருக்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். சமையலறைக்கும் இதே கேள்விதான்.

ஊறுகாய்க்கு ஏன் பீங்கான் ஜாடி?

புளி, எலுமிச்சை, மாங்காய் எல்லாம் அமிலம். உப்பும் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதே புளிப்பு நேராகப் பித்தளையில் படாமல் இருக்கத்தான். கண்ணாடியை ஊறுகாய் ஒன்றும் செய்யாது.

அப்படியானால் பாட்டிமார்கள் ஏன் பீங்கான் ஜாடியில் போட்டு, வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைத்தார்கள்? ஜாடியைத் தடவிப் பாருங்கள். மேலே வழவழவென்று இருக்கிறதே மெருகு, அதுவும் கண்ணாடிதான்! சுட்ட மண்ணின் மேல் உருகிப் படிந்த மெல்லிய கண்ணாடி. அமிலத்தைத் தாங்குவதில் இரண்டும் ஒரே குடும்பம். பீங்கானுக்குக் கூடுதலாக ஒரு வசதி, வெளிச்சம் உள்ளே போகாது. ராணிப்பேட்டையில் பாரிவேர் ஆலையில் தயாராகும் வாஷ்பேசின் மேலும் இதே மாதிரி மெருகுதான் இருக்கிறது. கறை உள்ளே இறங்காமல் துடைத்தால் போய்விடுவது அதனால்தான்.

அமிலமும் உங்கள் ஊருக்குப் பழக்கப்பட்டதே. 1906இல் பாரி நிறுவனம் இந்தியாவின் முதல் ரசாயன உர ஆலையை ராணிப்பேட்டையில்தான் தொடங்கியது. அங்கே தயாரான சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் கந்தக அமிலம் வேண்டும். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் அந்த அமிலம் எதில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடி பாட்டிலில்தான் இருக்கும்.

வீட்டு ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் வைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டில் அரிக்காது, தகர மூடி அரிக்கும். மூடியின் உட்புறம் துருப்பிடித்திருந்தால் அந்த மூடியை மாற்றிவிடச் சொல்லுங்கள்.

வெளிச்சம், ஈரம், பூச்சி

கண்ணாடியின் பெருமை உள்ளே இருப்பது தெரிவது. குறையும் அதுவே. நமக்குத் தெரிகிறது என்றால் வெளிச்சம் உள்ளே போகிறது என்று அர்த்தம். மஞ்சளில் உள்ள குர்குமின், மிளகாயின் சிவப்பு நிறமிகள், எண்ணெய் எல்லாம் வெளிச்சத்தில் கெடும். சட்டையில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் உலர்த்தினால் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் ஓரத்தில் வைத்த மஞ்சள்தூளுக்கும் மெல்ல மெல்ல அதுதான் நடக்கிறது.

செய்து பாருங்கள்: மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து ஒரு வெள்ளைத் தாளில் பூசுங்கள். காய்ந்ததும் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, நல்ல வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். பிறகு நாணயத்தை எடுத்துப் பார்த்தால், வட்டம் மட்டும் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். மஞ்சள்தூளையும் மிளகாய்த்தூளையும் கதவுள்ள அலமாரியில் வைக்க வேண்டும் என்பதற்கு அந்த வட்டமே சாட்சி.

அடுத்தது ஈரம். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றில் இருந்தே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கல் உப்பில் உள்ள மக்னீசியம் உப்புகள் அதற்கு முன்பே ஈரம் இழுக்கும். ஐப்பசி மழையில் உப்பு சொதசொதப்பது இதனால்தான். முறுக்கு நமத்துப்போவதும் ஈரம் செய்யும் வேலை. இறுக்கமான மூடி போட்ட பாட்டில் இரண்டையும் காப்பாற்றும். ஆனால் கழுவிய பாட்டிலைச் சரியாகக் காயவைக்காமல் உள்ளே போட்டு மூடினால், ஈரத்தை நாமே உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? கவிழ்த்து, காயவைத்து, பிறகு நிரப்புங்கள்.

பூச்சி விஷயம்தான் சுவாரசியமானது. “காத்துப் போகாம இறுக்கி மூடினேனே, வண்டு எப்படி வந்துச்சு?” என்று அம்மா கேட்பார். வண்டு வெளியே இருந்து வரவில்லை, தானியத்தோடேயே வந்தது. அரிசிக் கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசியில் சின்னத் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்தும்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. பயறு வண்டு வேறு விதம், அது பயற்றின் மேலேயே முட்டையை ஒட்டிவைக்கும். பச்சைப்பயறு பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பயற்றின் மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா? அவைதான் முட்டைகள். புழு பயற்றுக்குள் இறங்கித் தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமான ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். தகர டப்பாவில் இதெல்லாம் நடந்தால் நமக்குத் தெரியாது, கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும்.

என்ன செய்யலாம்? பருப்பையும் பயற்றையும் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பின் நிரப்புங்கள். பாட்டிலை விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். உள்ளே காற்று குறைந்தால் பூச்சி மூச்சுவிடத் திணறும். பாதி காலியான பாட்டிலில் அதற்குக் கொண்டாட்டம். பெரிய பாட்டில் ஒன்றைவிடச் சின்ன பாட்டில் இரண்டு நல்லது.

ஏன் விரிசல் விடுகிறது?

கொதிக்கும் ரசத்தை ஜாம் பாட்டிலில் ஊற்றாதீர்கள். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். உள்பக்கம் சூடாகி விரியும்போது வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும். உள்ளே விரிய, வெளியே விரியாமல் நிற்க, இழுபறியில் பாட்டில் தெறித்துவிடும். தடித்த பாட்டில் வலுவானது என்று நினைப்போம். சூட்டைப் பொறுத்தவரை தடித்த பாட்டிலுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷாட். 1880களில் கண்ணாடியில் போரான் ஆக்சைடைச் சேர்த்துப் பார்த்தார். அந்தப் போரோசிலிகேட் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்கே விரியும். உங்கள் பள்ளி ஆய்வகத்துச் சோதனைக் குழாய் தீயில் காட்டினாலும் உடையாமல் இருப்பது இதனால்தான். பெயரிலேயே போரானை வைத்திருக்கும் நம் நாட்டு போரோசில் நிறுவனம் 1962இல் தொடங்கியது.

மூடி திறக்காவிட்டால் இந்த விரிவையே உதவிக்குக் கூப்பிடலாம். மூடியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் காட்டுங்கள். ஒரே சூட்டில் தகரம் கண்ணாடியைவிட அதிகம் விரியும். அலுமினியம் இரண்டு மடங்குக்கும் மேல் விரியும். மூடி தளர்ந்துவிடும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே மட்டும் இதைச் செய்யாதீர்கள், பாட்டில் விரிசல் விடலாம்.

புது ஜாம் பாட்டிலைத் திறக்கும்போது ‘டப்’ என்று சத்தம் வருகிறதே, ஏன்? சூடாக நிரப்பி மூடுகிறார்கள். ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை உள்ளே அழுத்திப் பிடிக்கிறது. திறந்ததும் காற்று பாய்ந்து மூடி மேலே எழும்புகிறது. கண்ணாடி பாட்டிலில் உணவை அடைத்து, கொதிநீரில் சூடாக்கிக் கெடாமல் வைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிரெஞ்சு சமையல்காரர் நிக்கோலா அப்பேர், 1810இல் அந்நாட்டு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அது ஏன் கெடவில்லை என்று அப்போது யாருக்கும் தெரியாது. நுண்ணுயிரிகள்தான் உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் காட்டியது 1860களில். திருகு மூடி போட்ட பாட்டிலுக்கு அமெரிக்காவின் ஜான் மேசன் 1858இல் காப்புரிமை வாங்கினார்.

இட்லி மாவை மட்டும் கண்ணாடி பாட்டிலில் முழுக்க நிரப்பி இறுக்கி மூடாதீர்கள். மாவு புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு உண்டாகி, போக வழியில்லாமல் அழுத்தும். கோலி சோடா பாட்டில் அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே தடியாகச் செய்யப்பட்டது. வாயுவே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு சேர்த்து அடைக்கும். ஜாம் பாட்டிலுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

அழகுக்கு வைக்கும் பாட்டில்கள்

மிச்சம் உள்ள பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைக்கலாம். வேர் இறங்குவதைத் தினமும் பார்க்கலாம். நேர் வெயிலில் வைத்தால் பாசி பிடிக்கும், பச்சை அல்லது பழுப்புப் பாட்டிலில் அது குறையும். ஒரு எச்சரிக்கை: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரைத்தான் தேடும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

பல நிறத் தானியங்களை அடுக்கடுக்காக நிரப்பிக் கூடத்தில் வைப்பவர்களும் உண்டு. அதை யாராவது குலுக்கிவிட்டால் என்ன ஆகும்?

செய்து பாருங்கள்: ஒரு பாட்டிலின் அடியில் கோலிக்குண்டைப் போட்டு, மேலே முக்கால் பாகம் ரவையை நிரப்பி மூடுங்கள். மேலும் கீழுமாகக் குலுக்குங்கள். சிறிது நேரத்தில் கனமான கோலி ரவைக்கு மேலே வந்து நிற்கும்! குலுங்கும்போது கோலி ஒரு கணம் எழும்புகிறது. அதன் அடியில் உண்டாகும் இடைவெளியில் ரவை வழிந்து நிரம்பிவிடுகிறது. கோலி திரும்ப இறங்க இடமில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிடும். தானிய அடுக்குகளும் குலுங்கினால் இப்படித்தான் கலையும்.

இனி அடுக்குங்கள்

கனமான பாட்டில்கள் கீழ்த்தட்டில். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், எண்ணெய் கதவுக்குப் பின்னால், அடுப்புக்கு எட்டத்தில். உப்பும் முறுக்கும் இறுக்கமான மூடிக்குள். பருப்பும் பயறும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வாங்கிய தேதியை எழுதி ஒட்டி. புதிதாக வாங்கியதைப் பழையதன் மேல் கொட்டாதீர்கள். பழையது தீர்ந்த பிறகு பாட்டிலைக் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். மருந்து, பினாயில், ஆசிட் இருந்த பாட்டில்களைச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது.

விரிசல் விட்ட பாட்டில் வேண்டாம். அதைப் பழைய பாட்டில் வாங்குபவரிடம் கொடுத்தால் உலைக்குப் போகும். கண்ணாடியை எத்தனை தடவை உருக்கினாலும் தரம் குறையாது. உடைந்த துண்டுகளைப் புது மணலோடு சேர்த்து உருக்கும்போது எரிபொருளும் மிச்சம்.

கீழே விழுந்து உடைந்துவிட்டால் கையால் பொறுக்காதீர்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள். துண்டுகளைக் குப்பையில் அப்படியே போட வேண்டாம். தடித்த செய்தித்தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிய எழுத்தில் எழுதித் தனியாகக் கொடுங்கள். காலையில் உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அந்தக் குப்பையைக் கையால்தான் பிரிக்கிறார்.